சிக்கு விழுவது சுற்றும்போதே

டயர் கடையில் காற்றுக்குழாய் சிக்கிக்கொண்டால், அந்த நேரத்தில் அதை இழுத்தவருக்குத்தான் ஏச்சு விழும். அவசரப்பட்டு இழுத்துவிட்டான், பொறுமையாகப் பிரிக்கத் தெரியவில்லை என்பார்கள். ஆனால் குழாய் அவர் கைக்கு வரும்போதே காரியம் கெட்டு வெகுநேரமாகியிருக்கும். முதல் நாள் மாலை, வேலை முடிந்த களைப்பில், கைக்கு வந்தபடி சுற்றி ஆணியில் மாட்டினார்களே, அப்போதே அதற்குள் சிக்கு ஏறிவிட்டது. காலையில் அது வெளியே தெரிகிறது, அவ்வளவுதான். வீட்டில் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் வயருக்கும், காய்கறித் தோட்டத்தில் மருந்தடிக்கும் மெஷினின் நீண்ட ஹோஸுக்கும் இதே கதிதான். சுற்றும் விதத்தை மாற்றினால் சிக்கு விழாது. வயரும் குழாயும் பல வருடம் கூடுதலாக உழைக்கும். வீட்டில் தீப்பிடிக்கும் அபாயமும் குறையும். இதற்குக் காசு செலவில்லை. கை ஒரு பழக்கத்தை விட்டு இன்னொன்றுக்கு மாறினால் போதும்.

இலங்கை மலையகத்து ஊரான ஹட்டனில் இந்தப் பொருள்களுக்கு வேலை அதிகம். அவிசாவளையிலிருந்து நுவரெலியா போகும் ஏ-7 வீதி ஊருக்குள்ளாலேயே போகிறது. டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் வரை நீளும் சிவனொளிபாதமலை யாத்திரைக் காலத்தில், மஸ்கெலியா, நல்லதண்ணீர் பக்கம் போகும் வாகனங்கள் இரவும் பகலும் இந்த ஊரைக் கடக்கின்றன. ஏற்றமும் வளைவும் டயரைத் தின்னும். அதனால் காற்றடிக்கும் கொம்பிரஷருக்கு ஓய்வில்லை. மேலே நுவரெலியாப் பக்கத்துச் சரிவுகளில் உருளைக்கிழங்குக்கும் கரட்டுக்கும் லீக்ஸுக்கும் மருந்தடிப்பவர்கள், ஹோஸை இழுத்துக்கொண்டு பாத்தி பாத்தியாக ஏறி இறங்குகிறார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன்களின் நிலை வேறு. பக்கத்து லக்சபானவில் 1950இல் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியும், லயன் அறைகள் பலவற்றுக்கு மின்சாரம் வந்துசேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன. வந்தபோதும் ஓரிரு பல்பும் ஒரு பிளக் பொயின்டும் என்ற கணக்கில்தான் வந்தது. இன்று அதே ஒற்றைப் பொயின்டிலிருந்துதான் ரைஸ் குக்கரும் டீவியும் இஸ்திரிப் பெட்டியும் பிள்ளைகளின் படிப்பு விளக்கும் இயங்க வேண்டியிருக்கிறது. எக்ஸ்டென்ஷன் வயர் அங்கே இல்லாமல் முடியாத சாமான். நாள் சம்பளத்தில் ஓடும் வீட்டில் அதை வருடத்துக்கு ஒன்று வாங்கவும் முடியாது. ஆகவே இருப்பதை எப்படிப் பேணுவது என்பது இங்கே பெரிய கேள்விதான்.

சிக்கின் வேர் முறுக்கில் இருக்கிறது. வயரின் ஒரு நுனியை இடக்கையில் பிடித்துக்கொண்டு வலக்கையால் வட்டம் வட்டமாகப் போட்டுப் பாருங்கள். ஒரு வட்டம் தட்டையாகப் படிய வேண்டுமானால், வயர் தன் அச்சிலேயே ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை, திரும்பியாக வேண்டும். விரல்கள் அதைத் தாமாகவே உருட்டிக் கொடுத்துவிடுவதால் நாம் கவனிப்பதில்லை. உருட்டாமல் போட்டால் வயர் வட்டத்துக்கு அடங்காது. எட்டு வடிவில் மடிந்து துள்ளும். அரை மீற்றர் குறுக்களவில் சுற்றினால் ஒரு வட்டத்துக்கு 1.6 மீற்றர் அளவில் வயர் போகும். 20 மீற்றர் வயருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வட்டம். அத்தனையையும் ஒரே திசையில் போட்டுவிட்டு மறுநாள் நுனியைப் பிடித்து நேராக இழுத்தால், வட்டம் ஒவ்வொன்றும் அவிழும்போது ஒரு முழு முறுக்கை வயருக்குள் விட்டுவிட்டுப் போகும். ருமேனியக் கணிதவியலாளர் கியோர்கே கலுகரேயானு 1959இல் இதற்கு அடிப்படையான கணக்கைச் சொன்னார். இழைக்குள் இருக்கும் முறுக்கையும், இழை வளைந்து சுருண்டு கிடக்கும் அளவையும் கூட்டினால் வரும் தொகை, நுனிகள் பிடிபட்டிருக்கும்வரை மாறாது. சுருள் குறைந்தால் முறுக்கு கூடும். முறுக்கைத் தளரவிட்டால் அது மறுபடி சுருளாகித் துள்ளும். உயிரணுவுக்குள் டி.என்.ஏ. இழை சுருண்டு கிடக்கும் விதத்தை விளக்க உயிரியலாளர்கள் பின்னாளில் எடுத்துக்கொண்டதும் இதே கணக்கைத்தான். காற்றுக்குழாயை இழுக்கும்போது நடுவழியில் திடீரென ஒரு வளையம் விழுந்து, அது இறுகி, மடிந்து, காற்று அடைபடுகிறதே, அந்த வளையம்தான் முறுக்கு வெளியேறத் தேடிக்கொண்ட வழி.

அப்படியானால் வட்டமாகச் சுற்றுவதே பிழையா? பிழையில்லை. எப்படிச் சுற்றினோமோ அப்படியே திருப்பிப் பிரித்தால் முறுக்கு மிஞ்சாது. சுற்றிய கட்டை ஒரு சக்கரம்போலத் தரையில் உருட்டிக்கொண்டே போனால், ஒவ்வொரு வட்டமும் தன்னில் ஏறிய திருப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். கடையில் வாங்கும் புது ஹோஸையும் புது வயர் ரோலையும் முதல் தடவை இப்படித்தான் உருட்டிப் பிரிக்க வேண்டும். கட்டைத் தரையில் வைத்து நுனியைப் பிடித்து இழுப்பவர்கள், வாங்கிய அன்றே அதை முறுக்கிவிடுகிறார்கள். கடலடிக் கேபிள் போடும் கப்பல்காரர்களுக்கும் இதுதான் கவலை. கப்பலின் தொட்டிக்குள் கேபிளை வட்டமாக அடுக்கும்போது வட்டத்துக்கு ஒரு திருப்பம் ஏறுகிறது. கடலுக்குள் விடும்போது அது திருப்பி இறங்கியாக வேண்டும். எந்தத் திசையில் அடுக்கலாம் என்பதற்கு அவர்களிடம் கண்டிப்பான விதி உண்டு. திருப்பத்தைத் தாங்காத தடித்த கேபிளைத் தொட்டியில் அடுக்குவதே இல்லை. சுழலும் மேடையில்தான் ஏற்றுவார்கள். அத்தனை பெரிய தொழிலில் இவ்வளவு கவனமாகப் பார்க்கும் விஷயத்தைக் கராஜில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. ஹோஸை எடுத்து மாட்டு என்று வேலை பழகும் பையனிடம் சொல்வதோடு சரி.

முறுக்கு ஒரு பக்கம் இருக்க, முடிச்சு தானாக விழுமா என்று கேட்பவர்கள் உண்டு. விழும் என்பதைச் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் சான் டியேகோ நகரின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் டோரியன் ரேமர், டக்ளஸ் ஸ்மித் என்ற இருவர், ஒரு பெட்டிக்குள் நூலைப் போட்டுச் சில விநாடிகள் சுழற்றி, என்ன நடக்கிறது என்று 3,415 தடவை பார்த்தார்கள். 2007இல் முடிவை வெளியிட்டார்கள். நூல் 46 சென்ரிமீற்றருக்குக் குறைவாக இருந்தால் முடிச்சு விழவே இல்லை. நீளம் அதைத் தாண்டியதும் வாய்ப்பு மளமளவென்று ஏறி, ஏறத்தாழப் பாதிக்குப் பாதி என்ற அளவில் போய் நின்றது. 120 வகை முடிச்சுகளை அவர்கள் எண்ணினார்கள். நூல் வட்டமாகப் படிந்துகிடக்க, அதன் நுனி பக்கத்து இழைகளுக்கு மேலும் கீழுமாகப் புகுந்து போவதால்தான் முடிச்சு விழுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். நமக்கு வேண்டிய பாடம் இதில்தான் இருக்கிறது. புகுந்து போக ஒரு நுனி வேண்டும்; நுனியைக் கட்டிப்போட்டுவிட்டால் முடிச்சுக்கு வழியில்லை. எக்ஸ்டென்ஷன் வயரைச் சுற்றியதும் அதன் பிளக்கை அதே வயரின் மறுமுனையில் செருகிவிடுங்கள். காற்றுக்குழாயின் இரு முனைக் கப்ளிங்குகளையும் ஒன்றோடொன்று பூட்டிவிடுங்கள். இரு முனையும் சேர்ந்த வளையத்தில், எவ்வளவு குலுக்கினாலும், புது முடிச்சு விழ முடியாது. குழாயின் வாய்க்குள் தூசியும் பூச்சியும் போகாது என்பது கூடுதல் இலாபம்.

இனி, நம்மில் பெரும்பாலோர் செய்யும் முறைக்கு வருவோம். பெருவிரலிடுக்கில் வயரைக் கொடுத்து, முழங்கையைச் சுற்றி, மறுபடி பெருவிரலிடுக்குக்குக் கொண்டுவரும் முறை. கட்டு அடக்கமாக வரும், வேகமாகவும் முடியும். கெடுதலும் இதில்தான் அதிகம். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 90 சென்ரிமீற்றர்தான் போகிறது. எனவே 20 மீற்றருக்கு இருபதுக்கு மேற்பட்ட சுற்று, இருபதுக்கு மேற்பட்ட முறுக்கு. அதுவும் நாள்தோறும் ஒரே திசையில். வயரின் உள்ளே பார்த்தால் இதன் விளைவு புரியும். 1.5 சதுர மில்லிமீற்றர் வயரின் ஒரு கம்பி என்பது, கால் மில்லிமீற்றர் தடிப்புள்ள முப்பது செம்பு இழைகளின் கற்றை. அப்படி மூன்று கம்பிகள், ஒன்றையொன்று சுற்றிப் புரி ஏற்றப்பட்டு, வெளியுறைக்குள் கிடக்கின்றன. அந்தப் புரியின் திசையிலேயே முறுக்கினால் கம்பிகள் இறுகும். எதிர்த்திசையில் முறுக்கினால் பிரிந்து ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும் போகும். வயரின் வெளித்தோல் திருகாணிபோல் நெளிந்து தெரிந்தால், உள்ளே இது நடந்துவிட்டது என்று பொருள். பெருவிரலிடுக்கிலும் முழங்கை முனையிலும் அதே இடத்தில் நாள்தோறும் ஒடுங்கி மடிவதால் இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. முப்பதில் பத்து அறுந்தாலும் விளக்கு எரியும். ஆனால் அந்த இடத்தில் மீதி இருபது இழைகள் முழுச் சுமையையும் சுமந்து சூடாகும். அசைத்தால் எரிந்து அசைக்காவிட்டால் அணையும் வயர் எல்லாம் இந்தக் கட்டத்தையும் தாண்டிவிட்டவை.

இதற்கு மாற்று, ஒரு வட்டம் நேராக, ஒரு வட்டம் புரட்டியாக, மாறி மாறிப் போடுவது. உலகெங்கும் ஒலிபெருக்கி வேலைக்காரர்களும் படப்பிடிப்புக்காரர்களும் கேபிளை இப்படித்தான் சுற்றுகிறார்கள். இடக்கை உள்ளங்கை மேலே பார்க்க, வயரின் ஒரு நுனியை அதில் வையுங்கள். வலக்கையால் மூன்று முழம் தள்ளி வயரைப் பிடித்து, வழக்கம்போல் ஒரு வட்டம் போட்டு இடக்கையில் சேருங்கள். விரல்கள் வயரை மெல்ல உருட்டுவது தெரியும். இரண்டாவது வட்டத்துக்கு வலக்கையைப் புரட்ட வேண்டும். பெருவிரல் கீழே வர, உள்ளங்கை வெளிப்பக்கம் பார்க்க, அப்படியே வயரைப் பிடியுங்கள். கையை இடக்கைக்குக் கொண்டுவரும்போது மணிக்கட்டை நிமிர்த்துங்கள். நிமிர்த்தும்போது, தொங்கிக்கொண்டிருக்கும் மீதி வயர் வட்டத்துக்கு வெளியே போகாமல் வட்டத்தின் உட்பக்கமாகப் போய் நிற்கும். முதல் வட்டம் வலப்புறமாக ஏற்றிய முறுக்கை இந்த வட்டம் இடப்புறமாக இறக்கிவிடுகிறது. மூன்றாவது மறுபடி நேராக, நான்காவது புரட்டியாக. சரியாகச் சுற்றினோமா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. ஒரு நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டை வீசி எறியுங்கள். வயர் ஒரு நெளிவும் இல்லாமல் நேராகப் போய் விழ வேண்டும். முதலில் கை தடுமாறும். பழகிய பிறகு முழங்கைச் சுற்றுக்கு எடுக்கும் நேரமே இதற்கும் எடுக்கும்.

இந்த முறையிலும் ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. புரட்டிப் போட்ட வட்டங்களுக்குள்ளே நுனி ஒருமுறை புகுந்து வெளியே வந்துவிட்டால், இழுக்கும்போது ஒன்றுவிட்டு ஒரு வட்டம் முடிச்சாக விழும். வரிசையாகப் பல முடிச்சு. இதை ஒருமுறை பார்த்தவர்கள் இந்த முறையே வேண்டாம் என்று பழைய வழக்கத்துக்குப் போய்விடுவது உண்டு. ஆனால் பழி சுற்றிய முறையின் மேல் இல்லை. நுனியைக் கட்டாமல் விட்டதன் மேல்தான். வயரின் ஒரு முனையில் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை நிரந்தரமாகக் கட்டிவைத்து, சுற்றி முடிந்ததும் கட்டை அதால் இறுக்கினால் நுனி நகராது. கையில் பிடித்துச் சுற்ற முடியாத தடித்த குழாய்க்கும் நூறு மீற்றர் மருந்து ஹோஸுக்கும் வேறு வழி இருக்கிறது. தரையில் எட்டு வடிவில் போடலாம். எட்டின் ஒரு பாதி ஏற்றுவதை மறு பாதி இறக்கிவிடும். சரிவில் வேலை செய்கிறவர்களுக்கு இதில் இன்னொரு வசதி: வட்டக் கட்டு உருண்டு ஓடிவிடும், எட்டு போட்ட இடத்தில் கிடக்கும். வயரைச் சங்கிலிப் பின்னலாகப் பின்னி வைப்பவர்களும் உண்டு. மெல்லிய நீண்ட வயருக்கு அது பொருந்தும்; ஒவ்வொரு கண்ணியிலும் சின்ன மடிப்பு விழுவதால் காற்றுக்குழாய்க்கு அது ஆகாது.

இத்தனை பாடு எதற்கு, ஒரு ரீல் வாங்கிச் சுற்றிவிட்டால் போயிற்று என்பது வலுவான மறுப்பு. காற்றுக்குழாய்க்கு அது முழுக்க உண்மை. சுழலும் ரீலில் முறுக்கு ஏறாது, வளைவும் சீராக இருக்கும். வாங்க முடிந்த கடைக்காரர் வாங்கலாம். மின்சார வயருக்கு அப்படிச் சொல்ல முடியாது. மின்சாரம் ஓடும் வயர் சூடாகும். அந்தச் சூடு காற்றில் கலைய இடம் வேண்டும். 0.75 சதுர மில்லிமீற்றர் தடிப்பில் 10 மீற்றர் நீளமுள்ள மலிவான வயரில், 2,000 வாட் கேத்தல் ஒன்றைப் பூட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடலாம். 230 வோல்ட்டில் ஓடும் மின்சாரம் 8.7 ஆம்பியர். அந்தத் தடிப்புக்குப் பொதுவான வரம்பே 6 ஆம்பியர்தான். போகவும் வரவும் 20 மீற்றர் செம்பின் தடை சுமார் அரை ஓம். ஆக வயருக்குள் மட்டும் ஏறத்தாழ 40 வாட் சூடு பிறக்கிறது. நீட்டிப் போட்டால் மீற்றருக்கு 4 வாட், கையால் தொட்டால் இளஞ்சூடு தெரியும். அதையே சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தால், பழைய 40 வாட் குண்டு பல்பைக் கம்பளித் துணியில் சுருட்டி வைத்த மாதிரிதான். சாதாரண பி.வி.சி. உறை 70 பாகை வெப்பம் வரைதான் தாங்கும் என்று கணித்துச் செய்கிறார்கள். ரீலிலும் இதே நிலைதான். நல்ல ரீல்களின் மேலேயே சுற்றிய நிலையில் இத்தனை வாட், முழுக்கப் பிரித்த நிலையில் இத்தனை வாட் என்று இரண்டு எண்கள் அச்சிட்டிருக்கும். முதலாவது இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இருப்பது சாதாரணம். சுற்றிய வயர் காந்தமாகிச் சூடேறுகிறது என்று சில வயரிங் பாஸ்மார் சொல்வார்கள். அது சரியில்லை. போகும் மின்சாரமும் திரும்பி வரும் மின்சாரமும் ஒரே உறைக்குள் எதிரெதிராக ஓடுவதால் காந்த விளைவு ஒன்றையொன்று தீர்த்துவிடுகிறது. சூட்டுக்கு வெளியேற வழியில்லை என்பதே முழுக் காரணம்.

லயன்களைப் பொறுத்தவரை இது உயிரோடு சம்பந்தப்பட்டது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக அறைகள். ஓர் அறையில் பிடிக்கும் தீ ஒரு குடும்பத்தோடு நிற்பதில்லை. மின்கசிவால் லயன் அறைகள் எரிந்த செய்தி மலையகத்தில் அடிக்கடி வருகிறது. பழைய வயரிங்கை மாற்றுவதும் போதிய பிளக் பொயின்ட் வைத்துத் தருவதும் தோட்ட நிர்வாகத்தின் கடமை. வயரைச் சுற்றும் முறையைப் பற்றிப் பேசுவது அந்தப் பொறுப்பைத் தொழிலாளியின் தலையில் போடுவதாகும் என்று ஒருவர் சொன்னால், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எந்தச் சுற்றும் முறையும் நல்ல வயரிங்குக்கு ஈடாகாது. ஆனால் வயரிங் மாறும் நாள்வரை வீட்டில் இருப்பது இந்த வயர்தான். அதை முழு நீளத்துக்கும் பிரித்துப் போட்டுப் பயன்படுத்துவதும், கேத்தலையும் இஸ்திரிப் பெட்டியையும் மெல்லிய வயரில் பூட்டாமல் இருப்பதும் இன்றிரவே செய்யக்கூடியவை.

காற்றுக்குழாய்க்கு வேறு சில கவனங்கள் வேண்டும். காற்று நிறைந்த குழாயைச் சுற்றவே கூடாது. 100 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் குழாய் நேராக நிமிரத்தான் பார்க்கும். அதை மல்லுக்கட்டி வளைத்தால் உள்ளிருக்கும் நூல் வலை உறையிலிருந்து விட்டுப்போகும். பின்னாளில் குழாய் புடைத்து வெடிப்பது அந்த இடத்தில்தான். கொம்பிரஷர் பக்கம் வால்வை மூடி, காற்றை வெளியேற்றி, அந்த முனையைக் கழற்றிவிட்டுச் சுற்றினால், கழன்ற முனை சுழன்று கொடுத்து மிச்ச முறுக்கையும் இறக்கிவிடும். ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேலே, மூடுபனிக்குள் கிடக்கும் ஊர். காற்றில் ஈரம் எப்போதும் இருக்கிறது. அந்தக் காற்றை எட்டில் ஒரு பங்காக நசுக்கும்போது ஈரம் தண்ணீராகப் பிரிந்து தொட்டியிலும் குழாயிலும் தேங்கும். தொட்டித் தண்ணீரை நாள்தோறும் திறந்துவிடுவதோடு, குழாயையும் ஒரு முனை தாழ இருக்கும்படி தொங்கவிட்டு வடியவைத்த பிறகே முனைகளைப் பூட்ட வேண்டும். மாட்டும் இடமும் முக்கியம். ஒற்றை ஆணியில் மாட்டினால் முழுப் பாரமும் ஒரு புள்ளியில் விழுந்து, குழாய் அங்கே ஒடுங்கிவிடும். டயர் கடையில் பழைய ரிம்முக்குப் பஞ்சமில்லை. ஒன்றைச் சுவரில் அறைந்து அதன் மேல் மாட்டினால் வளைவு அகலமாக நிற்கும். தை, மாசியில் நுவரெலியாப் பக்கம் புல்லில் பனி உறையும் காலைகளில் பி.வி.சி. குழாய் விறைத்துக்கிடக்கும். அதை அப்போதே பலவந்தமாக வளைக்காமல், வெயில் ஏறும்வரை நீட்டிப் போட்டு வைப்பது நல்லது. ரப்பர் குழாய் விலை கூட என்றாலும் குளிரில் இளக்கமாகவே இருக்கும். இந்த உயரத்தில் அந்த விலை வீணாகாது.

ஏற்கெனவே முறுக்கேறிப்போன வயரையும் குழாயையும் ஓரளவு மீட்கலாம். நல்ல வெயிலில் முழு நீளத்துக்கும் நீட்டி ஒரு மணி நேரம் போட்டால் உறை இளகும். பிறகு ஒரு முனையை மேட்டிலோ படிக்கட்டின் உச்சியிலோ பிடித்து, மறுமுனையைத் தரையில் படாமல் தொங்கவிட்டால், அது தானாகச் சுழன்று முறுக்கை இறக்கும். சுழல்வது நின்றதும் எடுத்து மாறி மாறிச் சுற்றி வைக்கலாம். இரண்டு, மூன்று நாள் இப்படிச் செய்தால் பழைய நெளிவு பெரும்பாலும் போய்விடும். திருகாணிபோல் நெளிந்து, வெயிலில் போட்டும் நிமிராத இடம் இருந்தால், அங்கே உள்கம்பிகள் இடம் மாறிவிட்டன; அதை நம்பக் கூடாது. உறை வெடித்துச் செம்பு தெரியும் வயரையும் டேப் சுற்றிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். கெட்ட இடத்தோடு வெட்டி எறிந்துவிட்டு, மிச்ச நீளத்துக்கு, எர்த் கம்பியையும் சரியாகச் சேர்த்து, 13 ஆம்பியர் பிளக் ஒன்றைப் புதிதாகப் பூட்டிக்கொள்ளலாம். 20 மீற்றர் வயர் 15 மீற்றர் ஆகும். லயன் அறை ஒன்றுக்கு அது தாராளம்.